பத்தடிப் பாதையும் இரண்டு கார்களும்: ஒரு பொதுவழித் தகராறின் நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்புறநகரில் ஒரு தெரு. முன்வீடு, பின்வீடு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே பாதை. அந்தப் பாதையில் கார் நிறுத்துவது யார் என்று கிளம்பிய தகராறு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடி, காவல் நிலையம் வரை போய், கடைசியில் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் எழுத்தில் முடிந்தது. எங்கள் நகர் நலச்சங்கத்தில் இப்படிப்பட்ட விவகாரங்களைப் பேசித் தீர்க்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் இதை ஆரம்பம் முதல் பதிவு செய்கிறேன். இரு தரப்பின் சம்மதமும் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

மனை மொத்தம் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. தெருவை ஒட்டி 40 அடி, உள்ளே 120 அடி. அப்பா வாங்கிப்போட்டது. 2004-இல் இரண்டு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தெருப்பக்கம் உள்ள பாதி அண்ணனுக்கு, உள்பக்கம் தம்பிக்கு. உள்ளே இருப்பவர் வெளியே வர வழி வேண்டும் என்பதால் மேற்கு ஓரத்தில் 10 அடி அகலம், 60 அடி நீளத்துக்கு ஒரு பாதை விட்டார்கள், அதை இருவருக்கும் பொது என்று எழுதினார்கள். ஆக முன்மனை 1,800 சதுர அடி, பின்மனை 2,400, நடுவில் பொதுப்பாதை 600. தெரு முகப்பு கிடைப்பதால் அண்ணன் குறைந்த அளவுக்கு ஒப்புக்கொண்டார், அதில் அப்போது யாருக்கும் மனக்குறை இல்லை.

2016-இல் அண்ணன் முன்வீட்டை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். வாங்கியவர் ஐ.டி. வேலையில் இருக்கும் இளம் தம்பதி. மாடியில் ஒரு குடித்தனம். பின்வீட்டில் தம்பி, பணி ஓய்வு பெற்றவர், மனைவி, வேலைக்குப் போகும் மகள். அவருடைய சின்ன கார் பின்வீட்டுப் போர்டிகோவில் நிற்கும். முன்வீட்டில் அப்போது இரு சக்கர வண்டி மட்டும்தான். ஆறு வருடம் எந்தச் சத்தமும் இல்லை, பொங்கலுக்குப் பானையும் தீபாவளிக்குப் பலகாரமும் போய்வந்த வீடுகள்தான் இவை.

தகராறு வளர்ந்த விதம்

2022 கடைசியில் முன்வீட்டுக்காரர் ஒரு எஸ்.யூ.வி. வாங்கினார். வீட்டில் போர்டிகோ கிடையாது. தெருவில் விட்டால் வண்டியில் கீறல் விழுகிறது, மழைநீர் வடிகால் வேலைக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் இடமும் இல்லை. பாதைக்குள் விட ஆரம்பித்தார். முதலில் ராத்திரி மட்டும், அப்புறம் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் பகலிலும்.

பின்வீட்டுக்காரர் கார் எடுக்க வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டும். முதல் சில மாதம் "தம்பி, கொஞ்சம் வண்டிய எடுங்களேன்" என்று கேட்டார், அவரும் எடுத்தார். பிறகு அழைப்பு மணிக்குப் பதில் ஹாரன், ஹாரனுக்குப் பதில் வைப்பரில் செருகிய துண்டுச் சீட்டு. ஒரு நாள் காலையில் எஸ்.யூ.வி.யின் டயரில் காற்று இல்லை. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அன்று சாயங்காலமே பாதையைப் பார்த்து ஒரு கேமரா மாட்டப்பட்டது. அது பின்வீட்டு வாசலையும் சேர்த்துப் படம் பிடித்தது. பின்வீட்டுப் பெண்ணுக்குக் காரை விட அந்தக் கேமராதான் பெரிய கோபம், யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

2024 ஜூனில் பின்வீட்டுக்காரர் பதிலடி கொடுத்தார். ராத்திரி தன் காரைக் கொண்டுவந்து கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். முன்வீட்டுக்காரருக்கு விடியற்காலை விமானம். தட்டினார், யாரும் கதவைத் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனை வரை நடந்து ஆட்டோ பிடித்துப் போனார். அதோடு பேச்சு நின்றது.

ஆகஸ்டில் பின்வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது வாங்கினார். ஆய்வாளர் இருவரையும் கூப்பிட்டு "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். இதைப் பலர் போலீஸ் தட்டிக்கழித்ததாக நினைப்பார்கள். வழிமறிப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் குற்றம்தான், ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: தனியார் வழி ஒன்றை அடைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு நம்பினால் அது குற்றமாகாது. முன்வீட்டுக்காரர் அப்படித்தான் நம்பினார், கிரயப் பத்திரத்தையும் காட்டினார். வழி பற்றிய தகராறில் அமைதி கெடும் என்று தெரிந்தால் நிர்வாக நடுவர் தலையிட, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அந்த அளவுக்கு இது போகவில்லை.

அக்டோபர் மழை

2024 ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது, விஜயதசமி சனிக்கிழமை. முன்வீட்டுக் குடும்பம் ரயிலில் ஊருக்குப் போனது, கார் பாதையில், சாவி அவர்களோடு. திங்கள்கிழமை முதல் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை, ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக விட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்வீட்டுக்காரரும் போக நினைத்தார். வெளியே வர வழியில்லை. போன் போட்டார். "சாவி இங்க இருக்கு சார், நான் என்ன பண்ண முடியும்?" என்றார் முன்வீட்டுக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் கேட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்.

பின்வீடு பள்ளம். தெருவில் பழைய தார் அடுக்கைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டதில் 2004-இல் தெருமட்டத்தில் இருந்த போர்டிகோ இன்று ஒன்றேகால் அடி கீழே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் சீட்டுக்கு அடி வரை ஏறியது. அவர் நல்ல வேளையாகச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யவில்லை, செய்திருந்தால் இன்ஜினே போயிருக்கும். அப்படியும் வயரிங், தரைவிரிப்பு, பிரேக் என்று 40,000 ரூபாய்க்குப் பில் வந்தது. அவர் எடுத்திருந்தது வெறும் மூன்றாம் நபர் காப்பீடு, அதில் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பைசா வராது.

நஷ்டத்தை முன்வீட்டுக்காரர் தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் தயாரானது. அனுப்புவதற்கு முன்னால் பின்வீட்டுக்காரருடைய மகள் சங்கத்துக்கு வந்து, "அங்கிள், அப்பாவுக்கு பி.பி. ஏறிட்டே இருக்கு, நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க" என்று கேட்டார். இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டு, பேச ஒப்புக்கொள்ள வைத்தேன்.

நேரில் பார்த்தது

முதலில் டேப் எடுத்து அளந்தோம், இருவரையும் கூடவே நிற்கவைத்து. பத்திரத்தில் 10 அடி, தரையில் எங்கும் முழுப் பத்து அடி சும்மா கிடைக்கவில்லை. முன்வீட்டின் பக்கவாட்டுப் படி 8 அங்குலம் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மின் மீட்டர் பெட்டி சுவரிலிருந்து ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வந்திருந்தது. உள்கோடியில் பின்வீட்டுக்காரரின் பூந்தொட்டி வரிசையும் துவைக்கும் கல்லும். பாதையை ஆக்கிரமித்தது நீதான் என்று இரண்டு வருடமாக விரல் நீட்டிய இருவரும் டேப்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எஸ்.யூ.வி.யின் அகலம் 1,790 மி.மீ., அதாவது 5 அடி பத்தரை அங்குலம். மீட்டர் பெட்டியில் இடிக்காமல் வீட்டுப் பக்கமாக ஒட்டி நிறுத்தினால் மறுபக்கம் மிஞ்சுவது மூன்றடிக்குச் சற்று மேல். ஸ்கூட்டர் போகும். ஆட்டோவின் அகலம் ஏறக்குறைய 4 அடி 3 அங்குலம், அது நுழையாது. ஆம்புலன்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதில் ஒரு விஷயத்தை நேரில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பின்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பிசியோதெரபிக்குப் போக ஆட்டோ வாசலுக்கு வராது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு 60 அடி நடந்து தெருவுக்கு வர வேண்டும், அதில் காருக்கும் மதிலுக்கும் நடுவே வரும்போது வாக்கரின் ஒரு கால் மதிலோரத்து மண்ணில் இறங்கும், இன்னொன்று சிமெண்டில் நிற்கும், வாக்கர் சாயும். மகள் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வருவாள். இரண்டு வருட வாதத்தில், புகார் மனுவில், வக்கீல் நோட்டீஸில், எதிலும் இந்த அம்மா இல்லை. எல்லாம் காரைப் பற்றியே எழுதியிருந்தது. முன்வீட்டுக்காரரின் மனைவியைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த இடத்தைக் காட்டினேன். அவருக்கு அது தெரியவே தெரியாது, பகலில் அவர் வீட்டில் இருப்பதில்லை.

பத்திரம் சொன்னது

இருவரிடமும் இருந்தது அவரவர் பத்திரம் மட்டும். 2004 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறை இணையதளம் வழியாகவே விண்ணப்பித்து எடுத்தோம், வில்லங்கச் சான்றும் பார்த்தோம்.

முன்வீட்டுக்காரரின் வாதம் எளிமையானது: "சார், நான் 2,100 சதுர அடிக்குக் காசு கொடுத்திருக்கேன். வீடு 1,800-லதான் இருக்கு. மிச்சம் 300 அடி இந்தப் பாதையில இருக்கு, அதுல நான் நிறுத்துறேன்." கணக்கு சரி. ஆனால் அந்த 300 பிரிக்கப்படாத பாதி பாகம். பாதையைக் கோடு போட்டு இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி எனக்கு என்று யாரும் வெட்டவில்லை. பிரிபடாத சொத்தில் ஒவ்வொரு அங்குலத்திலும் இருவருக்கும் உரிமை, மற்றவரின் உபயோகத்தை அடைக்காத வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். கோடு போட்டு வெட்டினாலும் அவருக்குக் கிடைப்பது 5 அடி அகலம், அவருடைய கார் அதற்குள் அடங்காது.

பின்வீட்டுக்காரரோ "எங்க அப்பா எனக்காக விட்ட வழி" என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதுவும் சரியில்லை. பாதை அவருக்கு மட்டும் இல்லை. பாகப்பிரிவினையில் எழுதியிருந்தது இருவரும் ஆட்களும் வண்டி வாகனங்களும் போக வரவும், குழாயும் மின்கம்பியும் கொண்டுபோகவும் பொதுவில் அனுபவிக்கலாம், எவரும் தடங்கல் செய்யக் கூடாது என்று. நிறுத்துவதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஜூனில் இவர் கேட்டை மறித்ததும் தடங்கல்தான், தொட்டியும் துவைக்கும் கல்லும் தடங்கல்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

யார் முதலில் ஆரம்பித்தது என்ற பேச்சை எடுப்பதில்லை என்று முதல் நாளே இருவரிடமும் சொல்லிவிட்டேன். டயர் காற்று விஷயத்தைக் கிளறினால் நிரூபிக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது.

அடுத்து, எந்த வண்டி எப்போது உள்ளே வருகிறது, வெளியே போகிறது என்று இரண்டு வாரம் இரு வீட்டிலும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். முன்வீட்டுக் கார் வாரத்தில் மூன்று நாள் பகல் முழுக்க ஆபீஸில். பின்வீட்டுக் கார் வெள்ளிக்கிழமை கோயில், மார்க்கெட், டாக்டர் என்று கொஞ்சமே வெளியே போகிறது. நிஜமாக முட்டுவது பிசியோதெரபி நாட்களின் காலையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும். கோபம் இருபத்து நாலு மணி நேரமும் இருந்தது, இடைஞ்சல் வாரத்தில் சில மணி நேரம்.

நேரம் பிரித்துக்கொள்ளலாமே என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். தற்காலிகமாக அதை வைத்தோம், ஆனால் நிரந்தரத் தீர்வாக நான் ஒப்பவில்லை. உடம்புக்கு முடியாமல் போவதும் மழையும் அட்டவணை பார்த்து வருவதில்லை. எஸ்.யூ.வி. பாதையை விட்டு வெளியேற ஓர் இடம் கிடைத்தால்தான் இது தீரும் என்று தோன்றியது. அந்த இடம் கண்ணெதிரேயே இருந்தது: முன்வீட்டுக்கும் தெரு மதிலுக்கும் நடுவே 9 அடி அகலத் தோட்டம், 30 அடி நீளம். காரின் நீளம் 14 அடிக்குச் சற்று மேல். தெருவுக்கு இணையாக நிறுத்தினால் கதவு திறந்து இறங்கவும் இடம் இருக்கும்.

முன்வீட்டுக்காரர் இதை முன்பே யோசித்துக் கைவிட்டிருந்தார். தோட்டத்துக்கு அடியில் தண்ணீர் சம்ப். மேஸ்திரி பார்த்துவிட்டு, இந்த ஸ்லாப் ஆள் நடக்கப் போட்டது, கார் ஏறினால் தாங்காது என்றார். புது ஸ்லாப், மதிலில் 16 அடி திறப்பு, தள்ளு கேட், எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். சரிவுப்பாதையை வடிகால் மேல் நீட்டினால் மாநகராட்சி இடித்துவிடும் என்பதால் சரிவு முழுக்க உள்பக்கமே இறங்க வேண்டும், தெருத் தண்ணீர் உள்ளே வராமல் கேட்டடியில் ஒரு மேடும் கட்ட வேண்டும். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது.

பேரம் நடந்தது இதை வைத்துத்தான். 40,000 ரூபாய் பில்லில் பாதியை முன்வீட்டுக்காரர் இரண்டு தவணையில் தருவார், மீதியைப் பின்வீட்டுக்காரர் விட்டுவிடுவார். முழுத் தொகையும் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஜூன் மாதம் கேட்டை மறித்ததை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கும் என்று சொன்னதும் இறங்கி வந்தார். தொட்டிகளையும் கல்லையும் இவர் எடுப்பார், படியை அவர் வெட்டுவார், மீட்டர் பெட்டியை மின்வாரியத்தில் விண்ணப்பித்து உள்ளே தள்ளுவார். கேமராவின் முகம் கேட்டை மட்டும் பார்க்கும். கட்டுமானம் முடியும் வரை எஸ்.யூ.வி.யின் மாற்றுச் சாவி மாடிக் குடித்தனக்காரரிடம் இருக்கும், இரு வீட்டோடும் பேசுபவர் அவர் ஒருவர்தான், கார் ஓட்டவும் தெரியும்.

அப்புறம் நடந்தது

சாவி ஏற்பாட்டுக்கு உடனே சோதனை வந்தது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். முந்தின நாள் சாயங்காலமே மாடிக்காரர் எஸ்.யூ.வி.யை நகர்த்தினார், பின்வீட்டுக் கார் மேம்பாலத்துக்குப் போனது. பின்வீட்டு மகள் என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னபோது ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தக் குரலில் தெம்பைக் கேட்டேன்.

ஜனவரியில் அதே ஏற்பாடு சறுக்கியது. பொங்கலுக்கு மாடிக்காரர் ஊருக்குப் போனபோது சாவியும் அவர் பையில் போய்விட்டது, முன்வீட்டுக்காரர்களும் வெளியே. அம்மாவுக்கு அன்று காய்ச்சல், மறுபடியும் வாக்கரோடு தெரு வரை நடை. பின்வீட்டுக்காரர் ஒப்பந்தமே வேண்டாம் என்றார். ஆனால் இந்த முறை முன்வீட்டுப் பெண் தானாக வந்து மன்னிப்புக் கேட்டார், கட்டுமானத்தையும் அதே மாதம் தொடங்க வைத்தார். என் பேச்சை விட அவர் எடுத்த அந்த முடிவுதான் விவகாரத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

வாய்ப்பேச்சில் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதினால் அதற்கு மரியாதை இருக்கும், பலம் இருக்காது. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தோம், 2025 மார்ச் 8 தேசிய மக்கள் நீதிமன்றத்தில் எடுத்தார்கள். கட்டணம் கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி அங்கே வழங்கும் தீர்ப்பு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, மீறினால் தீர்ப்பை அமல்படுத்தக் கோரி நிறைவேற்று மனு போடலாம். பாதையில் இறக்கி ஏற்றப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்பது முதல் ஷரத்து, விருந்தாளிகளுக்கும் அது பொருந்தும்.

மே மாதம் தள்ளு கேட் வந்தது. எஸ்.யூ.வி. இப்போது தோட்டத்தில் நிற்கிறது. ஆட்டோ பின்வீட்டு வாசல் வரை போகிறது. அம்மா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். இரண்டு ஆண்களும் பார்த்தால் தலையசைக்கிறார்கள், அதற்கு மேல் இல்லை. பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

தீராமல் இருப்பதும் மாற்ற வேண்டியதும்

மக்கள் நீதிமன்றத் தீர்ப்பு வில்லங்கச் சான்றில் தெரியவில்லை. நாளை முன்வீட்டுக்காரர் விற்றால், வாங்குபவர் மறுபடியும் 2,100 சதுர அடிக்குக் காசு கொடுத்துவிட்டு 300-ஐத் தேடுவார். பாதையின் உபயோகம் பற்றி இரு தரப்பும் ஒரு உடன்படிக்கை எழுதிச் சார்பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். செலவை யார் ஏற்பது என்று பேச்சு நடக்கிறது.

அடுத்து வரும் விவகாரங்களில் அளப்பதும் தாய்ப்பத்திரம் (சொத்து எப்படி வந்தது, பிரிந்தது என்று காட்டும் மூலப் பத்திரம்) எடுப்பதும் புகாருக்கு முன்னாலேயே நடக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம், கேமரா மாட்டிய நாளிலேயே யாராவது இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார வேண்டும் என்றும். பாதையைத் தினமும் நடந்து கடப்பவர் யார் என்று கேட்டு அவரையும் பேச்சுக்கு அழைக்க வேண்டும், பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி. தற்காலிகச் சாவி ஏற்பாடு என்றால் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும்.

பொதுப்பாதை உள்ள முன்மனை வாங்குபவர்களிடம் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாதைக்கு எத்தனை அடி, அது தனித்ததா பிரிபடாததா, எதற்கு அனுபவிக்கலாம் என்று எழுதியிருக்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தாய்ப்பத்திரத்தோடு வைத்துப் படியுங்கள், கார் எங்கே நிற்கும் என்று டேப் பிடித்துப் பாருங்கள்.